தலைமையுரைக்குப் பின் வெடிக்க வேண்டிய ரத்தக்குழாய்

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன்; கட்டடத்தை அதன்பிறகு சொன்னால் போதும். சம்பந்தப்பட்டவர்கள் இந்த வரிசையை மாற்றிக்கொண்டதால்தான் கீழே எழுதப்போகிற அத்தனையும் நடந்தது.

புக்கிட் எம்புன் தேயிலை எஸ்டேட்டின் தேநீர்க்கடையில் கல்லாவில் உட்காரும் ஹரிதாஸுக்கு ரத்தக்குழாய்கள் பிறவியிலேயே மெலிந்தவை. குழாய்ச் சுவருக்கு உறுதி கொடுக்கும் சரக்கு அவன் அம்மா வழியில் சரியாக அமையவில்லை. அம்மா மணியம்மா ஒருநாள் மலைச்சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்தார். கிளினிக்கில் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை உயிர் போகும்வரை அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. பல வருடம் கழித்து, லேசாகப் பட்டாலே கன்றிப்போகும் தோலோடு ஹரிதாஸ் கோலாலம்பூர் போய்ப் பரிசோதனை செய்துகொண்டபோதுதான், அம்மாவுக்கு வந்தது வாயு இல்லை, உள்ளே கிழிந்த ரத்தக்குழாய் என்று புரிந்தது. அக்கா நீலாவதிக்கு அந்த நோய் இல்லை. தம்பிக்கு இருந்தது. அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. ஹரிதாஸ் அதை “டிஷ்யூ பேப்பர் வியாதி” என்று சுருக்கிக்கொண்டான். தொழிலாளர் லயத்தில் எல்லோருக்கும் அதுவே பெயராயிற்று.

கோலாலம்பூர் டாக்டர் அவனுக்கு ஓர் அட்டை கொடுத்திருந்தார். திடீரென்று வயிறோ முதுகோ வலித்தால் அமுக்கிப் பார்க்கக் கூடாது. குழாய்க்குள் எதையும் விட்டுத் துழாவக் கூடாது. நேராக ஸ்கேன் எடுத்து, ரத்தக்குழாய் அறுவை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அட்டை எப்போதும் அவன் கழுத்தில் தொங்கும். தேநீர் குடிக்க வரும் சுற்றுலாக்காரர்கள் என்னவென்று கேட்டால், “இது என்னோட கேரண்டி கார்டு. கேரண்டி இல்லன்னு எழுதியிருக்கு” என்பான்.

இனி கட்டடம். அதன் பெயர் எம்புன் அரிய நோய் அவசர மையம். அரசு தந்த ‘டத்தோ’ பட்டத்தோடு தலைநகரில் தொழில் செய்யும் டத்தோ ராதாகிருஷ்ணன் தம் அறக்கட்டளை மூலம் எஸ்டேட் வாசலில் அதைக் கட்டினார். மார்பிள் தரை, பிரமுகர் அறை, பிரமுகரின் செயலாளர் அறை, தண்ணீர் பீச்சும் ஊற்று, ஸ்கேன் எந்திரம் என எல்லாம் வந்து இறங்கின. திறப்பு விழா மட்டும் நடக்கவில்லை. டத்தோவுக்கு நாள் கிடைக்காததால் ஸ்கேன் அறைக் கதவில் குறுக்கே கட்டிய சிவப்பு ரிப்பன் கட்டியபடியே இருந்தது. அவசர நோயாளிகள் வந்தால், திறப்பு விழாவுக்குப் பிறகு வரும்படி பாதுகாவலர் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். எந்திரம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக ஊழியர் தினமும் ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போய், ஒரு முட்டைகோஸை வைத்து ஸ்கேன் எடுத்தார். எல்லா முட்டைகோஸும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தன.

ஒருவழியாக நாள் கிடைத்தது. மையத்தின் இயக்குநர் டாக்டர் ஜெகதீஸ்வரன் நேரே தேநீர்க்கடைக்கு வந்தார். அவர் நோயாளியைத் தொட்டு நெடுங்காலம் ஆகியிருந்ததால் ஹரிதாஸை ஒரு கலைப்பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“தம்பி, திறப்பு விழாவுல ஒரு மாபெரும் ஒத்திகை வைக்கிறோம். ரத்தக்குழாய் வெடிச்ச நோயாளிய எப்படிக் காப்பாத்துறதுன்னு. நீதான் நோயாளி.”

“நடிக்க வேற ஆளா இல்ல, டாக்டர்?”

“இருக்காங்க. ஆனா ஒரிஜினல் நீ ஒருத்தன்தான். டத்தோ ஒரிஜினல் கேட்டாரு.”

பக்கத்தில் நின்ற நீலாவதி கேட்டாள்: “ஒத்திகை முடிஞ்சா, நெசமா வலி வந்தா இவன அங்க பாப்பீங்களா டாக்டர்?”

“அதுக்காகத்தானேம்மா ஒத்திகையே!” என்றார் இயக்குநர், சற்று வருத்தத்தோடு.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நீலாவதி சம்மதித்தாள். மலையில் வேறெங்கும் அவ்வளவு கிட்டத்தில் ஸ்கேன் கிடையாது. அம்மாவின் உள்ளங்கை மாத்திரை அவளுக்கு மறக்கவில்லை.

ஒத்திகைக்கு ஒத்திகைகள் நடந்தன. பாத்திரங்கள் பதவி வரிசைப்படி பிரிக்கப்பட்டன. இயக்குநர் அறுவை மருத்துவர். கணக்குப் பிரிவு அதிகாரி மயக்க மருந்து நிபுணர். ஆள்சேர்ப்பு அதிகாரி தலைமைத் தாதி. மையத்தில் உண்மையாகவே அவசர சிகிச்சை படித்தவர் டாக்டர் குமுதா ஒருவர்தான். அவர் பதவியில் கடைசி என்பதால் கூட்டத்தைக் கயிறு பிடித்து நிறுத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது.

நீலாவதிக்கு முதலில் ‘கதறும் உறவினர்’ பாத்திரம். ஆனால் தம்பி தரையில் புரண்டு, “ஐயோ, என் குழாயே!” என்று அலறியதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயில் திருவிழா நாடகத்தில் நரகாசுரனாகச் செத்துப் பழகியவன் அவன். ஒருங்கிணைப்பாளர் சாந்தினி உடனே அவளை நீக்கினார்.

“அக்கா, நீங்க சொந்த அக்காதான், ஆனா நம்புற மாதிரி இல்ல” என்று சொல்லி, நன்றாக அழத் தெரிந்த, எஸ்டேட் ஆபீஸ் கிராணி ஒருவரின் மனைவியை அந்த இடத்தில் போட்டார். நீலாவதியைப் பாரம்பரியத் தோற்றத்துக்கு மாற்றினார்கள். அதாவது, முதுகில் கூடை, கையில் கொழுந்து வெட்டும் கத்தரி, தலையில் முக்காடு சகிதம் பெண்கள் மேடையோரம் வரிசையாக நிற்க வேண்டும். எஸ்டேட்டில் எந்திரம் வைத்துக் கொழுந்து வெட்ட ஆரம்பித்துப் பல காலம் ஆகிறது. கூடைகளைத் தானா ராத்தா நகரில் நினைவுப்பொருள் விற்கும் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்தார்கள்.

ஹரிதாஸுக்கு ஒரு சந்தேகம். “டாக்டர், குழாய் உள்ளுக்குள்ளதானே வெடிக்கும்? வெளிய ரத்தமே வராதே லா.”

“பொதுமக்களுக்குத் தெரிய வேண்டாமா?” என்றார் இயக்குநர். பக்கத்து ஊரான கியா பார்மிலிருந்து ஸ்ட்ராபெரி பாகு வரவழைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, அவன் சட்டைக்குள் வைத்தார்கள். உள்ளூர் விவசாயத்துக்கு ஆதரவு என்று அதையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தார்கள்.

சைரன் டத்தோவை வரவேற்க ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒத்திகையைத் தொடங்கும் சமிக்ஞை உறுமி மேளம் என்று முடிவாயிற்று. தலைமையுரை முடியும், மேளம் அடிக்கும், ஹரிதாஸுக்குக் குழாய் வெடிக்கும், தூக்குப்படுக்கைக்காரர்கள் ஓடிவருவார்கள். இதைத் தப்பில்லாமல் செய்யும்வரை அவர்களை ஓடவிட்டார்கள். மேளம் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைத்தவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று.

மேளமும் மைக்கும் எஸ்டேட் கோயில் தலைவர் தங்கையாவுடையவை. ஒருகாலத்தில் தோட்டத்து ஆட்களை மேற்பார்த்த பழைய கங்காணி குடும்பம். அவரைப் பற்றி ஒன்று மட்டும் இங்கே சொல்ல வேண்டும். கோயிலுக்கு நன்கொடை கேட்டு அவர் யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. திருவிழாவுக்கு வரும் பெரிய மனிதரை முன்வரிசையில் உட்காரவைத்து, மாலை போட்டு, “கோபுரத்துக்கு வர்ணம் அடித்துத் தரும் ஐயா அவர்களுக்கு நன்றி” என்று மைக்கில் சொல்லிவிடுவார். ஐயா அப்போதுதான் அதைக் கேள்விப்படுவார். ஆனால் அதற்குள் கூட்டம் கைதட்டியிருக்கும். கோபுரம், மண்டபம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அப்படி வந்தவைதான்.

விழா நாளில் வெயில் நன்றாக இருந்தது. டத்தோவின் ஹெலிகாப்டர் எஸ்டேட் பந்து மைதானத்தில் இறங்கியது. சைரன் ஒலித்தது. ஆளுயரச் செவ்வந்தி மாலையில் டத்தோவின் கண்ணாடி மட்டும் தெரிந்தது. இயக்குநர் வரவேற்றார்: “இந்த மையம் உருவான நாள்முதல் இதுவரை ஒரு நோயாளிகூட இங்கே இறந்ததில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.” உண்மைதான். உள்ளே விட்டால்தானே.

பிறகு டத்தோ பேச எழுந்தார்.

“அவசர சிகிச்சையில் ஒரு நொடியைக்கூட வீணாக்கக் கூடாது. இந்தக் கருத்தை நான் ஆறு தலைப்புகளில் விளக்க விரும்புகிறேன்.”

இரண்டாம் தலைப்பு நடந்துகொண்டிருந்தபோது நீலாவதி தம்பியைப் பார்த்தாள். மேடைக்குப் பக்கத்தில், ‘வெடிப்பு இடம்’ என்று ஒட்டிய நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். அதுவரை டத்தோ கையை ஆட்டும்போதெல்லாம் அதேபோல் விரலை ஆட்டி அவளுக்குச் சிரிப்பு மூட்டிக்கொண்டிருந்தவன், இப்போது அசையவில்லை. குனிந்து, இடுப்பின் ஒரு பக்கத்தைக் கையால் மூடியிருந்தான். நெற்றியில் வியர்வை. முகம் சுண்ணாம்பு பூசியதுபோல இருந்தது.

அம்மாவும் இப்படித்தான் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

கூடையோடு வரிசையை விட்டு வந்தவளைச் சாந்தினி மறித்தார். “அக்கா, பாரம்பரியம் நகரக் கூடாது!”

“தம்பிக்கு வந்துருச்சு! பாருங்கம்மா!”

சாந்தினி தம் அட்டவணையைப் பார்த்தார். “இல்லயே. இன்னும் நாலு தலைப்பு இருக்கே.”

இயக்குநர் குனிந்தபடி வந்து ஹரிதாஸை நோட்டமிட்டார். “என்ன தம்பி, இப்பவே ஆரம்பிச்சிட்டியா?”

“வலிக்குது டாக்டர்” என்றான் ஹரிதாஸ், உதடு மட்டும் அசைய.

இயக்குநருக்கு ஏமாற்றம். “நேத்து எவ்வளவு பிரமாதமா கத்தினான்! இன்னிக்குப் போய் இப்படி மோசமா பண்றானே. குரலே எழும்பலயே.”

“அவன் நடிக்கல டாக்டர்!”

“அதாம்மா நானும் சொல்றேன். நடிக்கவே இல்ல.”

நீலாவதி கயிற்றடிக்கு ஓடினாள். டாக்டர் குமுதா கயிற்றைப் பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பூந்தோட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அட்டையைப் படித்தார். நாடியைப் பார்த்தார். வயிற்றில் கை வைக்கவில்லை. எழுந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“சார், இது நெசம். உள்ள ரத்தம் கசியுது. உடனே ஸ்கேன்.”

“குமுதா, கூட்டத்த யாரு பாத்துக்கிறா?”

“சார்!”

“டத்தோ முடிக்கட்டும். குறுக்க போனா மரியாதையா இருக்குமா? நாமதான் சொல்லிக் கூப்பிட்டிருக்கோம்.”

குமுதா தூக்குப்படுக்கைக்காரர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். நான்கு பேரும் விறைப்பாக நின்றார்கள். ஒருவர் மட்டும் வாயோரமாகச் சொன்னார்: “மேளம் அடிக்காம வரமாட்டோம் டாக்டர். போன தடவ லெட்டர் குடுத்துட்டாங்க.”

மேடையில் டத்தோ மூன்றாம் தலைப்புக்கு வந்திருந்தார். நீலாவதி மேளக்காரர்கள் நடுவில் நின்ற தங்கையாவின் கையைப் பிடித்தாள்.

“பெரியப்பா, அடிக்கச் சொல்லுங்க.”

“டத்தோ இன்னும் பேசிட்டிருக்காரேம்மா.”

“அம்மாவுக்கு வந்த வலி, பெரியப்பா.”

தங்கையா திரும்பி ஹரிதாஸைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவன் தோளிலிருந்து உறுமியைப் பிடுங்கித் தாமே அடித்தார்.

இங்கே மையத்தின் பயிற்சியைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். மேளம் கேட்டதுதான் தாமதம், எல்லோரும் பாய்ந்தார்கள். தூக்குப்படுக்கை பறந்து வந்தது. ஆம்புலன்ஸ் உறுமியது. கிராணி மனைவி மார்பில் அடித்துக்கொண்டு கதறினார். “ஆகவே நேரத்தின் அருமையை...” என்று நின்றுபோன டத்தோ, தாம் முடித்துவிட்டோமோ என்ற சந்தேகத்தில் உட்கார்ந்துவிட்டார். தூக்கும்போது ஸ்ட்ராபெரி பை உடைந்து ஹரிதாஸின் சட்டை சிவந்தது. கூட்டம் “ஆகா!” என்றது. எங்கிருந்தோ தேனீக்கள் வந்தன.

ஸ்கேன் அறை வாசலில் எல்லோரும் சடக்கென்று நின்றார்கள். குறுக்கே ரிப்பன்.

“இத டத்தோதான் வெட்டணும். தங்கக் கத்தரி மேடையில இருக்கு” என்றார் சாந்தினி மூச்சிரைக்க. “படுக்கைய கீழ தாழ்த்திக் குனிஞ்சு போங்க. முட்டைகோஸ் அப்படித்தான் போகும்.”

நீலாவதி கையில் கொழுந்து வெட்டும் கத்தரி இருந்தது. ஒரே வெட்டு. ரிப்பன் இரண்டாக விழுந்தது. பின்னாலேயே வந்துவிட்ட டத்தோ அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்த நாளில் அவருக்கு வந்த முதல் உண்மையான வலி அதுதான்.

எந்திரத்தின் வாழ்க்கையில் முட்டைகோஸ் அல்லாத முதல் படம் திரையில் தெரிந்தது. இடது சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் கிழிந்து, சுற்றிலும் ரத்தம் தேங்கியிருந்தது. ஊழியர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “யம்மா... இது நெசமா லா.”

குமுதா மலைக்குக் கீழே ஈப்போ நகரிலிருந்த ரத்தக்குழாய் அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தார். ரத்தம் ஏற்றுங்கள், அழுத்தத்தை மட்டும் ரொம்ப ஏற்றிவிடாதீர்கள், கிழிசல் பெரிதாகும், எதையும் கிளறாமல் சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்றார் அவர்.

“சீக்கிரம்னா எப்படி?” என்றார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். “பள்ளி விடுமுறை. கியா பார்ம்ல கார்லாம் அசையவே இல்ல. அதத் தாண்டினா கோலா தெர்லா காய்கறி லோரிங்க.”

எல்லோர் கண்ணும் ஜன்னல் வழியே மைதானத்துக்குப் போயிற்று. ஹெலிகாப்டர் வெயிலில் பளபளவென்று நின்றது.

இயக்குநர்தான் முதலில் பேசினார். “அது விருந்தினர் வாகனம். நோயாளி ஏற விதிமுறை இல்ல.”

டத்தோ தொண்டையைச் செருமினார். “உயிர்காக்க எதையும் கொடுப்பவன் நான். அதை மூன்றாம் தலைப்பில் சொன்னேன். ஆனால் சாயங்காலம் தலைநகரில் எனக்கு ஒரு பாராட்டு விழா இருக்கிறது. உயிர்காத்ததற்காக. நான் போகாவிட்டால் அவர்கள் யாரைப் பாராட்டுவார்கள்?” பிறகு இயக்குநரிடம் திரும்பினார். “ஒரு குழு அமைத்து ஆலோசிக்கலாமே.”

“அமைச்சிடலாம் டத்தோ. தலைவர் நீங்க.”

அவர்கள் குழுவுக்கு உறுப்பினர் தேடிக்கொண்டிருந்தபோது நீலாவதி அங்கே இல்லை. அவள் மேடையில் இருந்தாள். முதுகில் வாடகைக் கூடை, கையில் தங்கையாவின் மைக். வாழ்நாளில் மைக்கைத் தொடாதவள். ஆனால் தங்கையா பேசுவதை எத்தனையோ திருவிழாக்களில் கேட்டிருக்கிறாள்.

“அன்பான ஊர் மக்களே. என் தம்பிக்கு நெசமாவே குழாய் கிழிஞ்சிருச்சு. அவன ஈப்போ கொண்டுபோக, தன் சொந்த ஹெலிகாப்டர, இந்த நிமிஷமே, முழு மனசோட கொடுத்துட்ட டத்தோ ராதாகிருஷ்ணன் அவர்களுக்கு எங்க எஸ்டேட்டு சார்பா நன்றி. எல்லாரும் ஜோரா ஒரு தடவ கை தட்டுங்க!”

மலை அதிரக் கைதட்டினார்கள். தங்கையா ஒரு கணமும் தாமதிக்கவில்லை. ஒலிபெருக்கியில் இதைக் கேட்டு வெளியே ஓடிவந்த டத்தோவின் கழுத்தில் இன்னொரு மாலையைப் போட்டு, பொன்னாடையால் கைகளோடு சேர்த்து இறுக்கமாகப் போர்த்திவிட்டார். மேளம் முழங்கியது. நிருபர்கள் படம் எடுத்தார்கள். மாலைகளுக்கு மேலே டத்தோவின் முகம் சிறிது நேரம் எதையோ தேடியது. பிறகு சிரித்தது. சிரித்துவிட்ட பிறகு அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஹரிதாஸும் குமுதாவும் ரத்தப் பைகளும் ஹெலிகாப்டரில் ஏறினார்கள். இரண்டு தேனீக்களும் கூடப் போயின.

ஈப்போ மருத்துவர் கிழிந்த குழாயைத் தைக்கவில்லை. அந்த மாதிரிக் குழாயில் நூல் கோத்தால் நூலே அதைக் கிழித்துக்கொண்டு போகுமாம். வேறு வழியில்லாததால், மெல்லிய குழலை மிகக் கவனமாக அங்குலம் அங்குலமாக உள்ளே நகர்த்தி, சின்னஞ்சிறு கம்பிச் சுருள்களை வைத்துக் கசிவை அடைத்தார். கண் விழித்த ஹரிதாஸ், சுற்றிலும் மோந்து பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: “யாரு அக்கா ரொட்டியில ஜாம் தடவுறது?”

பின்னாலேயே சாலைவழி வந்து சேர்ந்திருந்த நீலாவதி அப்போதுதான் அழுதாள். சாந்தினி பார்த்திருந்தால் நம்பியிருப்பார்.

டத்தோ கோலா தெர்லாவிலிருந்து வந்த காய்கறி லோரியில் தலைநகர் திரும்பினார். முன் இருக்கையில் ஓட்டுநரின் மனைவி இருந்ததால் அவருக்கு முட்டைகோஸ்களோடு இடம் கிடைத்தது. பாராட்டு விழாவுக்கு வாடிய மாலையோடு போய்ச் சேர்ந்தார் என்றும், களைப்பு மிகுதியால் ஆறு தலைப்பையும் முழுமையாகப் பேசினார் என்றும் கேள்வி.

மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒத்திகை பெருவெற்றி என்றும், நோயாளி மட்டும் நிகழ்ச்சி நிரலை மதிக்காமல் முன்கூட்டியே வெடித்துவிட்டார் என்றும், இனி வெடிக்க விரும்புவோர் ஒருங்கிணைப்பாளரிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்றும் அதில் இருந்தது. ரிப்பன் முறைப்படி வெட்டப்படாததால் திறப்பு விழா செல்லாது. கதவில் புது ரிப்பன் கட்டினார்கள். அடுத்த விழாவரை நோயாளிகள் பொறுத்திருக்க வேண்டும். குமுதா கயிற்றை வேறொருவரிடம் கொடுத்த குற்றத்துக்காக, ஊற்றுக்குத் தண்ணீர் விடும் பொறுப்புக்கு மாற்றப்பட்டார்.

“அடுத்த தடவ எனக்கு வலி வந்தா அந்த ஊத்துல முங்கிக்கவா?” என்றான், வீடு திரும்பிய ஹரிதாஸ். கம்பிச் சுருள் ஒரு குழாயைத்தான் அடைத்திருந்தது. மற்ற குழாய்கள் பழைய டிஷ்யூ பேப்பர்தான். நீலாவதி சிரிக்கவில்லை. தங்கையா வீட்டுக்குப் போனாள்.

கோயில் திருவிழாவுக்கு, ஹெலிகாப்டர் கொடுத்த வள்ளலைக் கௌரவிக்க அழைப்பு போயிற்று. டத்தோ வந்தார். ஆனால் பாடம் படித்தவராக வந்தார். இறங்கியதும் அவருடைய செயலாளர் நேரே மேடைக்குப் போய், மைக்கின் வயரைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இன்று மைக் வேண்டாம். எளிமையாக இருக்கட்டும்” என்று டத்தோ புன்னகைத்தார்.

“ஆகட்டும் டத்தோ” என்றார் தங்கையா பணிவாக.

இயக்குநரும் சாந்தினியும் பின்தொடர, டத்தோ அலங்கார வளைவைக் கடந்து வந்து, முன்வரிசையில் உட்காரத் திரும்பினார். அப்போதுதான் வளைவின் உட்புறம் முழுக்கக் கட்டியிருந்த பதாகை அவர் கண்ணில் பட்டது. அவர் வந்த வழியிலிருந்து அது தெரியாது. சிரிக்கும் டத்தோவின் படம், பக்கத்தில் ஹெலிகாப்டர், கீழே பெரிய எழுத்தில்:

‘இன்றுமுதல் ரிப்பன் இல்லாமல் மையத்தைத் திறந்துவிட்டு, டாக்டர் குமுதாவை அவசரப் பிரிவுக்குத் தலைவராக நியமித்து, மாதந்தோறும் ரத்தக்குழாய் மருத்துவரை மலைக்கு அனுப்பிவைக்கும் டத்தோ அவர்களுக்கு எங்கள் இதயங்கனிந்த நன்றி.’

மேளம் கிளம்பியது. சனம் கைதட்டியது. நிருபர்கள் பதாகையும் டத்தோவும் ஒரே படத்தில் விழும்படி முட்டிபோட்டு உட்கார்ந்தார்கள். செயலாளர் மடியிலிருந்த வயரை ஒருமுறை குனிந்து பார்த்தார்.

டத்தோ பக்கத்து நாற்காலியில் இருந்த ஹரிதாஸின் காதருகே சாய்ந்தார். கூட்டத்துக்குக் காட்டிய சிரிப்பு அப்படியே இருக்க, பல்லிடுக்கில் கேட்டார்: “ஏன் தம்பி, இதெல்லாம் நான் எப்போது சொன்னேன்?”

“இன்னும் சொல்லல டத்தோ” என்றான் ஹரிதாஸ். “இப்பதான் சொல்லப்போறீங்க. நாங்க சும்மா ஒத்திகை பாத்து வெச்சோம்.”